கால்நடைகளின் கண்: நுண்ணமைப்பும் பாதுகாப்பும்

பசுவொன்றின் கண்ணிலிருந்து நீர் வடியத் தொடங்கி, இரண்டொரு நாளிற் கருவிழியின் நடுவே வெண்ணிறப் புள்ளியொன்று தோன்றுமாயின், கண்ணிற் பூ விழுந்துவிட்டதெனக் கமக்காரர் கூறுவர். இப்பூ சிலவேளைகளில் அடையாளமின்றி மறைந்துவிடுகின்றது. சிலவேளைகளில் என்றும் அழியாத வெண்ணிறத் தழும்பாக நின்றுவிடுகின்றது. வேறு சிலவேளைகளிற் கண்ணே உடைந்து வற்றிப்போகின்றது. ஒரே தோற்றத்துடன் தொடங்கும் நோய் இவ்வாறு மூன்று வேறு முடிவுகளை அடைவதேன்?

இதற்கு விடை கண்ணின் நுண்ணமைப்பில் உள்ளது. ஊனக் கண்ணுக்கு ஒரே தோலாகத் தோன்றும் பகுதி, நுணுக்குக்காட்டியினூடாக நோக்குமிடத்து, வெவ்வேறு இயல்புகளுடைய பல படைகளால் ஆனதாகக் காணப்படும். தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் படையும் உண்டு. ஒருமுறை அழிந்தால் மீண்டும் முன்போல் அமையாத படையும் உண்டு. எப்படை பழுதடைந்தது என்பதே கண் பிழைக்குமா, பிழைக்காதா என்பதைத் தீர்மானிக்கின்றது. ஆதலின் இந்நுண்ணமைப்பைப் பற்றிய அறிவு வைத்தியருக்கு மட்டுமன்றி, ஆடு மாடு வளர்ப்போர் அனைவருக்கும் பயன்படுவதாகும்.

நுணுக்குக்காட்டியில் நோக்கும் முறை

இறந்த விலங்கின் கண்ணை உடனே எடுத்து, இழையங்கள் அழுகாது காக்கும் திரவத்தில் இட்டு, பின்னர் மெழுகிற் பதித்து, நுண்வெட்டி என்னுங் கருவியினால் மிக மெல்லிய சீவல்களாக வெட்டுவர். இச்சீவல்களின் தடிப்பு ஏறக்குறைய 5 மைக்குரோன் ஆகும். ஒரு மைக்குரோன் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. சீவல்கள் நிறமற்றவையாகையால் அவற்றுக்குச் சாயம் ஊட்டப்படும். வழமையாகப் பயன்படும் இரு சாயங்களுள் ஒன்று கலங்களின் கருவை நீலமாகவும், மற்றையது ஏனைய பகுதிகளை இளஞ்சிவப்பாகவும் காட்டும்.

இவ்வாறு நோக்கும்போது கண்ணின் சுவர் மூன்று உறைகளால் ஆனதென்பது புலனாகும். வெளியுறை உறுதியானது, அதன் முன்பகுதி தெளிந்த விழிவெண்படலமாகவும், எஞ்சிய பகுதி வெண்ணிறமான வன்கோதாகவும் அமைந்துள்ளது. நடுவுறை குருதிக்கலன்களும் கருநிறப்பொருளும் நிறைந்தது. தோலுருவும் கதிராளியும் இதனைச் சேர்ந்தவை. உள்ளுறையே ஒளியை உணரும் விழித்திரையாகும். இம்மூன்றிற்கும் உள்ளே வில்லையும், அதற்கு முன்னே நீர்போன்ற திரவமும், பின்னே பாகுபோன்ற தெளிந்த பொருளும் இருக்கின்றன.

இமைகளும் கண்ணீரும்

ஆடு, மாடு, நாய் முதலியவற்றிற்கு மேலிமை, கீழிமை என்பவற்றோடு மூக்குப்புறத்து மூலையில் மூன்றாம் இமையொன்றும் உண்டு. இதனைத் தாங்குவது கசியிழையத் தகடொன்றாகும். அதன் அடியிற் கண்ணீரைச் சுரக்குஞ் சுரப்பியொன்று அமைந்துள்ளது. சிலர் இம்மூன்றாம் இமையை வீணாக வளர்ந்த சதையென எண்ணி வெட்டிவிடுவதுண்டு. இது பெருந்தவறு. கண்ணைத் துடைத்துக் காக்கும் உறுப்பையும், கண்ணீரின் ஒரு பகுதியைத் தருஞ் சுரப்பியையும் ஒருங்கே இழக்கச் செய்வதாகும்.

கண்ணீர் வெறும் நீரன்று. அது மூன்று பகுதிகளைக் கொண்டது. இமை விளிம்பிலுள்ள சுரப்பிகள் எண்ணெய்ப் பொருளைச் சுரக்கின்றன; இது நீர் விரைவில் ஆவியாகாது தடுக்கும். கண்ணீர்ச் சுரப்பிகள் நீர்ப்பகுதியைத் தருகின்றன. இதிற் கிருமிகளை எதிர்க்கும் புரதங்கள் உள. இமையின் உட்புறத்தை மூடியுள்ள இமையிணைப்படலத்திற் கிண்ணம் போன்ற வடிவுடைய கலங்கள் ஆங்காங்கே காணப்படும். இவை சுரக்குஞ் சளியம் கண்ணீரை விழியின்மேற் சீராகப் பரவி ஒட்டியிருக்கச் செய்கின்றது. விழிவெண்படலத்திற்கு வேண்டிய ஒட்சிசனின் பெரும்பகுதி இக்கண்ணீரினூடாகவே காற்றிலிருந்து கிடைக்கின்றது.

விழிவெண்படலத்தின் நான்கு படைகள்

விழிவெண்படலம் கண்ணின் சாளரம் போன்றது. அதன் நடுப்பகுதி பொதுவாக ஒரு மில்லிமீற்றருக்குங் குறைந்த தடிப்புடையது. எனினும் அதில் நான்கு படைகள் உள.

முதலாவது, மேலணி. இது பல அடுக்கான கலங்களால் ஆனது. அடியில் உள்ள கலங்கள் தூண்போல் நிமிர்ந்து நிற்பவை. மேலே செல்லச்செல்ல அவை தட்டையாகி, ஈற்றில் உதிர்ந்து கண்ணீரோடு கழிந்துவிடும். அடியிலிருந்து புதிய கலங்கள் இடையறாது தோன்றுவதால், ஏறக்குறைய ஒரு வாரத்தில் மேலணி முழுவதும் புதுப்பிக்கப்படுகின்றது. நாயிலும் பூனையிலும் இதன் தடிப்பு 25 முதல் 40 மைக்குரோன் வரையாகும். மாடு, குதிரை போன்ற பெரிய விலங்குகளில் இதனிலும் பன்மடங்கு தடித்தது. இக்கலங்களின் இடையே மிக நுண்ணிய நரம்பு முனைகள் பெருந்தொகையாக ஊடுருவி நிற்கின்றன. ஒரு சிறு தூசு பட்டதும் விலங்கு கண்ணை இறுக மூடி நீர் வடிப்பது இதனாலேயே.

இரண்டாவது, இடைப்படை. விழிவெண்படலத்தின் தடிப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இதுவேயாகும். கொலாசன் என்னும் புரத நார்கள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய தகடுகளாக இதில் அமைந்துள்ளன. ஒரு தகட்டிலுள்ள நார்கள் யாவும் ஒரே திசையிற் சமமான இடைவெளியுடன் செல்கின்றன. தகடுகளுக்கிடையே தட்டையான நார்க்கலங்கள் சில கிடக்கும். குருதிக்கலன் எதுவும் இங்கு இல்லை. நார்களின் இவ்வொழுங்கும், குருதிக்கலன் இன்மையும், நீர் மட்டுப்பட்டிருத்தலுமே விழிவெண்படலத்தின் தெளிவிற்குக் காரணமாகும். இதே கொலாசன் நார்கள் வன்கோதிலும் உள. ஆனால் அங்கு அவை பருமன் வேறுபட்டு, பல திசைகளிலும் பின்னிக் கிடப்பதால், ஒளியைச் சிதறடித்து வெண்ணிறமாகத் தோன்றுகின்றன.

மூன்றாவது, தெசெமே மென்படலம். 1758 ஆம் ஆண்டில் இதனை விவரித்த பிரெஞ்சு வைத்தியர் ழோன் தெசெமேயின் பெயரால் இது வழங்கப்படுகின்றது. கலங்களற்ற, மீள்சத்தியுடைய இம்மென்படலம் விலங்கின் வாழ்நாள் முழுவதும் சிறிது சிறிதாகத் தடித்துக்கொண்டே செல்லும்.

நான்காவது, அகவணி. இது தேனடை அறைகளைப்போல அறுகோண வடிவினவான கலங்களின் ஒற்றைப் படையாகும். கண்ணின் உட்திரவத்திலிருந்து இடைப்படைக்குள் ஊறும் நீரை இக்கலங்கள் ஓயாது வெளியேற்றிக்கொண்டிருக்கின்றன. வளர்ந்த விலங்கில் இவை பெருகும் ஆற்றல் மிகக் குறைந்தவை. இவை பெருமளவிற் பழுதடையின், இடைப்படையில் நீர் தேங்கி, விழி முழுவதும் நீலம் பாய்ந்ததுபோல மங்கிவிடும்.

மனிதருடைய கண்ணில் மேலணிக்கும் இடைப்படைக்கும் நடுவே மேலும் ஒரு கலமற்ற படை தெளிவாகக் காணப்படும். வீட்டு விலங்குகள் பெரும்பாலானவற்றில் அது தெளிவாக இல்லை. ஆகவே மேலணி கிழிந்தவுடன் இடைப்படை நேரே வெளிப்பட்டுவிடுகின்றது.

புண்ணின் ஆழமும் அதன் முடிவும்

முன்னர் எழுப்பிய வினாவிற்கு இப்பொழுது விடை கூறலாம்.

மேலணி மட்டும் உராய்ந்து போயிருப்பின், சுற்றியுள்ள கலங்கள் நகர்ந்து வந்து அவ்விடத்தை மூடும். பின்னர் பெருகிப் பழைய தடிப்பை அடையும். கிருமி சேராதிருந்தால் இது சில நாளில் நிறைவேறும். தழும்பு உண்டாகாது. இதுவே மறைந்துபோகும் பூவாகும்.

புண் இடைப்படையினுள் இறங்கியிருப்பின், மேலணி மட்டும் வளர்ந்து குணமாக்க இயலாது. நார்க்கலங்கள் புதிய கொலாசனை உண்டாக்க வேண்டும். அவை உண்டாக்கும் நார்கள் பழைய ஒழுங்கில் அமைவதில்லை. ஒழுங்கு கெட்ட இடம் வன்கோதைப்போல வெளுத்துவிடும். இடைப்படையிற் குருதிக்கலன் இன்மையால், பழுது நீக்கும் பொருள்கள் விழியின் விளிம்பிலிருந்து வரவேண்டியுள்ளது. காயம் உண்டாகிச் சில நாள் கழிந்தபின், விளிம்பிலிருந்து நுண்ணிய சிவந்த கலன்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் வீதம் புண்ணை நோக்கி வளரும். மாட்டின் விழி பெரிதாகையால் நடுவிலுள்ள புண்ணை அவை அடைய இரண்டு வாரத்திற்கு அதிகமாகலாம். இக்காலத்திற் கிருமிகள் முந்திக்கொள்ளுமாயின் புண் மேலும் ஆழமாகும். இவ்வாறு குணமான புண்ணே அழியாத பூவாக நிற்கின்றது.

இடைப்படை முழுவதும் கரைந்து, தெசெமே மென்படலம் மட்டும் எஞ்சியிருப்பின், அது உள்ளழுத்தத்தினால் முன்னே தள்ளப்பட்டு, புண்ணின் நடுவே சிறு கொப்புளம்போலத் தோன்றும். அது உடைந்தால் உட்திரவம் வடிந்து, கதிராளி வெளியே பிதுங்கும். பின்னர் அக்கண்ணிற் பார்வையை எதிர்பார்ப்பதற்கில்லை.

புண்ணின் ஆழத்தை வெறுங்கண்ணால் அளப்பது அரிது. மேலும் நரம்பு முனைகள் மேலணியில் மிகுந்திருப்பதால், மேலோட்டமான சிறு புண் கடும் வலியைத் தரும். ஆழமான புண் அதனிலுங் குறைந்த வலியைத் தரக்கூடும். வலி குறைந்தது கண்டு நோய் குறைந்ததென நம்பிவிடலாகாது. மிருக வைத்தியர் இதற்கெனப் புளோரசீன் என்னுஞ் சாயத்தைக் கண்ணில் இடுவர். சிதையாத மேலணி இச்சாயத்தை ஏற்காது. வெளிப்பட்ட இடைப்படை அதனை ஈர்த்துப் பசுமையாக ஒளிரும். தெசெமே மென்படலம் மீண்டும் சாயத்தை ஏற்காது. எனவே பசுமையான வளையத்தின் நடுவே நிறமற்ற வட்டம் காணப்படின், கண் உடையும் நிலையில் உள்ளதென அறியலாம். படைகளின் நுண்ணியல்பு நோயை அறிவதற்கு உதவுமாற்றுக்கு இது தக்க சான்றாகும்.

தொற்றுக் கண்ணோய்

மாடுகளிற் பூ விழுவதற்கு முதன்மையான காரணம் மொறக்செல்லா போவிசு என்னும் பற்றீரியத்தால் உண்டாகுந் தொற்றுக் கண்ணோயாகும். இப்பற்றீரியத்தின் உடலில் மயிர்போன்ற நுண்ணிழைகள் உள. இவற்றாற் கண்ணீர் கழுவிச்செல்லாதவாறு மேலணியைப் பற்றிக்கொண்டு, மேலணிக் கலங்களைக் கொல்லும் நஞ்சைச் சுரக்கின்றது. கடும் வெயிலின் புறவூதாக் கதிர்கள், தூசி, வைக்கோற் சுணை, உலர்ந்த புற்கதிர் முதலியன மேலணியை முன்னரே நலிவித்திருப்பின், அதன் வேலை எளிதாகின்றது. கண்ணீரை நக்க வரும் இலையான்கள் ஒரு மாட்டின் கண்ணிலிருந்து மற்றையதற்குக் கிருமியைக் காவிச்செல்கின்றன. பெரிய மாடுகளிலும் கன்றுகளும் இளம் நாகுகளுமே இந்நோய்க்கு மிகுதியாக ஆளாகின்றன. ஆடுகளில் இதனையொத்த நோயை வேறு நுண்ணுயிர்கள் உண்டாக்குகின்றன. ஆகவே மாட்டிற்குக் கொடுத்த மருந்து ஆட்டிற்கும் பொருந்துமென எண்ணலாகாது.

ஆசிய நாடுகளில் மாடு, எருமை ஆகியவற்றின் கண்ணில் வாழுங் கட்புழுவொன்றும் உண்டு. ஒன்று முதல் இரண்டு சதமமீற்றர் நீளமுள்ள இவ்வெண்புழு மூன்றாம் இமையின் அடியில் ஒளிந்திருக்கும். இதன் தோலிற் குறுக்கே செல்லும் கூரிய வரம்புகள், அரம்போல மேலணியை உராய்ந்து புண்ணாக்கும். இதனையுங் காவுவது இலையான் இனமே. மருந்திட்டும் நீர் வடிதல் நில்லாதவிடத்து, மூன்றாம் இமையின் கீழ்ப்புறத்தைப் பரிசோதிக்குமாறு வைத்தியரைக் கேட்டல் நன்று.

கருவிழியும் வெள்விழியும் கூடும் விளிம்பு தனிக்கவனத்திற்குரியது. மேலணிக்குப் புதிய கலங்களை வழங்கும் மூலகலங்கள் இங்கேயே உறைகின்றன. இவ்விளிம்பிலும் இமையிலும் கருநிறப்பொருள் இல்லாத வெண்முக மாடுகளில், நீண்டகால வெயிலினாற் புற்றுநோய் தோன்றுவதுண்டு. விளிம்பில் வெண்ணிறத் தடிப்போ சதை வளர்ச்சியோ காணப்படின், அது சிறிதாயிருக்கும்போதே அகற்றுவிக்க வேண்டும்.

இரவில் ஒளிருங் கண்

இரவில் விளக்கொளி பட்டதும் மாட்டின் கண் நீலமும் பச்சையுங் கலந்து ஒளிர்வதை யாவரும் கண்டிருப்பர். இதற்குக் காரணம் நடுவுறையாகிய தோலுருவின் மேற்பாதியில் அமைந்த ஒளிதெறிபடலம் ஆகும். மாடு, எருமை, ஆடு, செம்மறி, குதிரை ஆகியவற்றில் இப்படலம் ஒழுங்காக அடுக்கிய கொலாசன் நார்களால் ஆனது. நாயிலும் பூனையிலும் அது செங்கல் அடுக்கினாற்போன்ற தட்டையான கலங்களால் ஆனது. பன்றிக்கு இப்படலமே இல்லை.

விழித்திரையினூடு சென்ற ஒளியை இப்படலம் மீண்டும் விழித்திரைக்கே திருப்பிவிடுகின்றது. இதனால் மங்கலொளியிற் பார்வை கூடுகின்றது. இதற்கு முன்னுள்ள விழித்திரை மேலணி, ஏனைய இடங்களிற் கரியதாயிருப்பினும், ஒளிதெறிபடலத்தின் முன்னே நிறமற்றதாக அமைந்து ஒளிக்கு வழிவிடுகின்றது. கண்ணிற் பிம்பங்கள் தலைகீழாக விழுவதால், இருண்ட நிலத்தின் பிம்பம் கண்ணின் மேற்பாதியில் விழும். ஒளிதெறிபடலமும் அங்கேயே அமைந்திருத்தல் நோக்கத்தக்கது.

கதிராளியும் வில்லையும்

கதிராளி கண்மணியைச் சுருக்கி விரிக்குந் திரையாகும். ஆடுமாடுகளிலும் குதிரையிலும் கண்மணி கிடையாக நீண்டது. அதன் மேல் விளிம்பிற் கரிய மணிகள் போன்ற திரட்சிகள் தொங்குவதைக் காணலாம். அறியாதோர் இவற்றை நோயெனக் கருதுவர். நுணுக்குக்காட்டியில் இவை கருநிறப்பொருள் நிறைந்த மேலணிக் கலங்களின் மடிப்புகளாகவே தோன்றும். இவை இயல்பானவை; கண்கூசும் ஒளியைத் தடுக்க உதவுபவை.

வில்லையிற் குருதிக்கலனும் நரம்பும் இல்லை. அதனைச் சூழ உறையொன்றும், உறையின் முன்புறத்தின் உள்ளே ஒற்றைப் படையான கலங்களும் உள. இக்கலங்கள் ஓரத்தில் நீண்டு நார்களாகி, வெங்காயத்தின் தோல்கள் போலப் பழைய நார்களைச் சூழ்ந்து அடுக்கப்படுகின்றன. பழையன உதிர்ந்துபோக வழியில்லை. ஆகவே வில்லையின் மையத்திலுள்ள நார்கள் விலங்கின் பிறப்பிற்கு முன்னரே தோன்றியவையாகும். அவற்றின் புரதங்கள் கெட்டுக் குழம்பும்போது கண்புரை உண்டாகின்றது. பூ விழுதல் கண்ணின் மேற்பரப்பில் உள்ள மாசு. புரையோ கண்மணிக்குப் பின்னே உள்ள மாசு. விளக்கைப் பக்கவாட்டிற் பிடித்து நோக்கினால் இவ்வேறுபாடு விளங்கும். புரையைத் துளிமருந்தினாற் கரைக்க முடியாது.

விழித்திரையும் மாலைக்கண்ணும்

விழித்திரை மிக மெல்லியதாயினும், அதிற் பத்துப் படைகளை வேறுபடுத்திக் கூறுவர். ஒளியை உணருங் கலங்கள் வெளிப்புறத்தில், அதாவது தோலுருவை நோக்கி நிற்கின்றன. ஒளி நரம்புக்கலப் படைகளைக் கடந்த பின்னரே அவற்றை அடையும். இவ்வுணர்கலங்கள் கோல், கூம்பு என இருவகையின. கோல்கள் மங்கலொளிக்கு உரியன. கூம்புகள் பகலொளிக்கும் நிறவுணர்ச்சிக்கும் உரியன. மாட்டிலும் ஆட்டிலும் கோல்களே மிகப் பெரும்பான்மை. கூம்புகளில் இருவகையே உண்டு. மனிதருக்கு மூன்று வகை உள்ளமையால் நாம் காணும் சிவப்பை மாடு அவ்வாறு காண்பதில்லை. செந்துணி கண்டு எருது வெகுளும் என்பது பொருந்தாக் கூற்றாகும். துணி அசைவதே அதனை வெருட்டுகின்றது.

கோலின் வெளிப்பகுதியில் நூற்றுக்கணக்கான மெல்லிய தட்டுகள் நாணயக் குவியல்போல அடுக்கப்பட்டுள்ளன. இத்தட்டுகளில் விழிச்செந்நிறப்பொருள் உறைகின்றது. 1876 ஆம் ஆண்டிற் பிரான்சு பொல் என்பார் இப்பொருள் ஒளி பட்டதும் வெளிறுவதைத் தவளையின் கண்ணிற் கண்டார். 1933 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் வால்ட் விழித்திரையில் உயிர்ச்சத்து ஏ இருப்பதைக் கண்டறிந்தார்; பார்வையின் இரசாயனம் பற்றிய ஆராய்ச்சிகளுக்காக 1967 ஆம் ஆண்டில் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு வழங்கப்பட்டது. விழிச்செந்நிறப்பொருள் உயிர்ச்சத்து ஏயிலிருந்து பெறப்படுங் கூறொன்றும் புரதமொன்றும் சேர்ந்து ஆனதென்பது இவ்வாறு தெளிவாயிற்று.

எனவே உணவில் உயிர்ச்சத்து ஏ குன்றுமாயின் முதலிற் கெடுவது கோல்களின் தொழிலாகும். பகலில் நன்கு நடக்கும் மாடு, பொழுது சாய்ந்ததும் வேலியிலும் தூணிலும் முட்டிக்கொள்ளும். இதுவே மாலைக்கண். பசும்புல்லிலும் இலைகுழையிலும் உள்ள கரட்டீன் என்னும் பொருளை மாடு உயிர்ச்சத்து ஏயாக மாற்றி ஈரலிற் சேமித்துக்கொள்கின்றது. வெயிலில் உலர்ந்து வெளுத்த வைக்கோலில் கரட்டீன் மிக அற்பம். உலர்வலயத்தில் நீண்ட வரட்சிக் காலத்தில், வைக்கோலை மட்டும் தின்று மாதக்கணக்கில் நிற்கும் மாடுகளின் ஈரற்சேமிப்பு கரைந்துபோகும். கன்றோ மிகக் குறைந்த சேமிப்புடனேயே பிறக்கின்றது. கடும்புப்பாலே அதன் முதல் உயிர்ச்சத்துக் களஞ்சியம். அதனைக் கறந்து வேறு தேவைக்கு எடுத்துக்கொள்ளுதல் கன்றின் கண்ணைப் பறித்தலுக்கு ஒப்பாகும்.

இக்குறைபாடு நீடித்தால் வேறு இரு தீங்குகளும் நேரும். கண்ணின் மேலணியும் இமையிணைப்படலமும் சளியஞ் சுரத்தல் குன்றி வரண்டு, கிருமிகளுக்கு இடங்கொடுக்கும். வளருங் கன்றுகளில், பார்வை நரம்பு செல்லும் எலும்புத் துளை முறைப்படி விரியாது, நரம்பை நெரித்துவிடும். கோல்களின் குறையை உயிர்ச்சத்துக் கொடுத்துத் தீர்க்கலாம். நெரிந்து அழிந்த நரம்பை மீட்க வழியில்லை. மாலைக்கண்ணை முதலிலேயே கண்டுகொள்ளுதல் எத்துணை இன்றியமையாததென்பது இதனால் விளங்கும்.

கோழியின் கண்

கோழியின் கண் பல வகையில் வேறானது. அதன் வன்கோதிற் கசியிழையக் கிண்ணமும், விழிவெண்படலத்தைச் சூழச் சிறிய எலும்புத் தகடுகளின் வளையமும் உள. விழித்திரையிற் குருதிக்கலன் இல்லை. பதிலாகப் பார்வை நரம்பு புகுமிடத்திலிருந்து சீப்புப்போன்ற கரிய குருதிக்கலன் மடிப்பொன்று கண்ணினுள் நீண்டு நிற்கும். கூம்புகளிற் சிவப்பு, மஞ்சள் முதலிய நிற எண்ணெய்த் துளிகள் காணப்படும். நிறங்களை வேறுபடுத்துவதிற் கோழி மாட்டினும் மிகச் சிறந்தது.

கோழிக்கொட்டிலில் ஈரமான படுக்கையிலிருந்து எழும் அமோனியா வாயு கண்ணீரிற் கரைந்து, மேலணிக் கலங்களை எரிக்கின்றது. கோழிகள் கண்ணை மூடி ஒடுங்கி நிற்கும், முட்டை குறையும். காற்றில் அமோனியா பத்திலட்சத்தில் 25 பங்கிற்கு மேற்படாதிருத்தல் நன்று. கொட்டிலினுட் புகுந்ததும் நம் கண் எரிந்தால், அது கோழிக்கு ஏற்கெனவே மிகையாகிவிட்டதெனக் கொள்க. கதிராளி சாம்பல் நிறமாகி, கண்மணி ஒழுங்கற்றுச் சுருங்கியிருப்பின், அது மறெக்கு நோயாக இருக்கலாம். இந்நோயில் வெண்குருதிக் கலங்கள் கதிராளியினுள் ஊடுருவி நிறைகின்றன. இதற்குச் சிகிச்சை இல்லை. குஞ்சு பொரித்த நாளிலேயே தடுப்பூசி இடுதலே வழியாகும்.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

1. கண்ணில் நீர் வடிதல், ஒளிக்கு அஞ்சிக் கண்ணை மூடுதல், வெண்புள்ளி தோன்றுதல் ஆகிய எதனைக் கண்டாலும் அன்றே மிருக வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். மேலணியிற் புண் நிற்கும் காலமே எளிதிற் குணமாக்கத்தக்க காலமாகும்.

2. உப்புத்தூள், மெல்லிய வெற்றிலை புகையிலைச் சாறு, மிளகுத்தூள் முதலியவற்றைக் கண்ணில் ஊதுதலோ உமிழ்தலோ கூடாது. இவை எஞ்சிய மேலணியையும் அழித்து, மேலோட்டமான புண்ணை ஆழமாக்கும்.

3. கண்ணைக் கழுவ, கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் 9 கிராம், அதாவது ஏறக்குறைய ஒன்றரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்து, தூய பஞ்சினால் மென்மையாகப் பயன்படுத்தலாம். ஒரு மாட்டிற்குப் பயன்படுத்திய பஞ்சை மற்றையதற்குப் பயன்படுத்தலாகாது. கைகளையும் கழுவிக்கொள்க.

4. எஞ்சிய பழைய கண்மருந்தை வைத்தியரைக் கேளாது இடவேண்டாம். சில மருந்துகளிற் கோட்டிசோன் இனப்பொருள்கள் உள. இவை சிவப்பையும் வலியையும் தணித்து நோய் நீங்கியதுபோலக் காட்டும். ஆனால் மேலணி வளர்ச்சியைத் தடுத்து, இடைப்படை கரைவதை விரைவுபடுத்தும்.

5. முள்ளோ சிராயோ கண்ணினுள் ஆழக் குத்தியிருப்பின் பிடுங்கவேண்டாம். கண்ணை உராயாதவாறு விலங்கைக் கட்டிவைத்து வைத்தியரை வரவழைக்க வேண்டும்.

6. நோயுற்ற விலங்கைப் பிரித்து, நிழலில் நிறுத்துக. இது வலியைக் குறைப்பதோடு, இலையான் வழியாகத் தொற்றுதலையும் குறைக்கும். சாணத்தை நாடோறும் அகற்றி, எருக்குவியலைக் கொட்டிலுக்குத் தூரத்தே வைத்தல் வேண்டும்.

7. வரட்சிக் காலத்தில் வைக்கோலோடு சீமைக்கிளுவை, இப்பில் இப்பில், முருங்கை, பூவரசு முதலிய பசுங்குழைகளை அளவறிந்து சேர்த்துக் கொடுக்க வேண்டும். பிறந்த கன்று முதற் சில மணித்தியாலங்களுக்குள் கடும்புப்பால் குடித்ததை உறுதிசெய்க.

8. மாலைக்கண் உண்டோவென ஐயமுற்றால், பொழுது மங்கிய நேரத்தில் விலங்கைப் பழக்கமற்ற இடத்தில் நடத்திப் பார்க்கலாம். வழியில் ஒன்றிரண்டு வைக்கோற் கட்டுகளை இட்டு, அவற்றை விலகிச் செல்கின்றதா என நோக்குக.

9. வைத்தியர் மருந்து கொடுத்தபின், பாலை எத்தனை நாள் விற்கலாகாது என்பதையுங் கேட்டு அதன்படி ஒழுகுதல் வேண்டும்.

ஒரு கண் குருடான பசு பால் தரும். எனினும் அது மேயுங்காற் குருட்டுப்பக்கத்துப் புல்லைக் காணாது, மற்றைய மாடுகளின் கொம்புக்கு ஆளாகி, சிறிது சிறிதாக மெலியும். இரு கண்ணும் இழந்ததைப் பேணுவது ஏழைக் குடும்பத்திற்கு இயலாத காரியம். இவ்விழப்பிற்கும் பாதுகாப்பிற்கும் இடையே உள்ளது ஒரு மில்லிமீற்றருக்குங் குறைந்த தடிப்புடைய படலம். அதன் முதற்படை தன்னைத் தானே சில நாளிற் குணமாக்கிக்கொள்ள வல்லது. அதற்கு இடையூறு செய்யாது, கிருமி முந்துவதற்குள் உதவி பெறுவதே வளர்ப்போர் கடமையாகும். உங்கள் பகுதிக்குரிய அரச மிருக வைத்திய அலுவலகத்தில் இதற்கான ஆலோசனையைப் பெற்றுக்கொள்க.